ராயல் ஃப்ளஷ், 1976: பழுதைவிட ரிப்பேர்தான் அதிகம்

சரிவான பலகையில் இரும்புப் பந்தை அடித்து ஸ்கோர் ஏற்றும் பழைய பின்பால் மெஷின் அது. பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது பியூஸ். கண்ணாடிக் குழாயின் மேல் சிகரெட் டப்பி வெள்ளித்தாளைச் சுற்றி, அப்படியே கிளிப்பில் சொருகியிருந்தார்கள். ஒரு காலத்தில் அந்த பியூஸ் அடிக்கடி போயிருக்கிறது. ஏன் போகிறது என்று தேடாமல், இனிமேல் போகவே முடியாதபடி யாரோ ஒரு புண்ணியவான் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். சுற்றிலும் மரம், ஐம்பது வருடத் தூசி, நடுவில் போகாத பியூஸ். அந்த வீடு எரியாமல் இருந்ததே பெரிய விஷயம்.

விற்றவருக்கு அதெல்லாம் தெரியாது. அவருடைய அப்பா வாங்கி நிலவறையில் வைத்திருந்த மெஷின். அப்பா போய்விட்டார், வீட்டை விற்கப் போகிறார்கள். "லைட் எரியும், ஆட்டம் தொடங்காது" என்று உண்மையைச் சொல்லித்தான் 450 டாலர் கேட்டார். பேரம் பேச மனம் வரவில்லை.

இது என்னிடம் வந்த மூன்றாவது பின்பால் மெஷின். காட்லீப் நிறுவனம் 1976இல் செய்த ராயல் ஃப்ளஷ். நான்கு பேர் மாறி மாறி ஆடலாம். ஒன்பது டிராப் டார்கெட்டுகள் ஒரே வரிசையில் சீட்டுக்கட்டு மாதிரி நிற்கும். பந்து பட்டால் ராஜாவும் ராணியும் ஜாக்கியும் பலகைக்குள் சரிந்து விழுவார்கள். வடிவமைத்தவர் எட் கிரின்ஸ்கி, படம் வரைந்தவர் கார்டன் மோரிசன். எழுபதுகளின் காட்லீப் ஆட்டங்கள் பலவற்றில் இந்த இரண்டு பெயரும் சேர்ந்தேதான் வரும். 12,000க்கும் மேல் விற்ற ஆட்டம் என்பதால் அபூர்வச் சரக்கு கிடையாது. அதனால்தான் என் பைக்கு எட்டியது. உதிரி பாகமும் கிடைக்கிறது.

எனக்கு இதில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு. நான் குடியிருப்பது சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில். இந்த மெஷின் பிறந்த தொழிற்சாலை நார்த்லேக்கில், லேக் ஸ்ட்ரீட்டில் இருந்தது. காரில் போனால் முப்பது கிலோமீட்டர் சொச்சம். காட்லீப், பேலி, வில்லியம்ஸ் மூன்றுமே இந்த ஊர்க் கம்பெனிகள். 1931இல் டேவிட் காட்லீபின் பேஃபிள் பால் என்ற ஆட்டம் சக்கைப்போடு போட்டதிலிருந்து, 1947இல் ஹம்ப்டி டம்ப்டி என்ற ஆட்டத்தில் முதன்முதலாக ஃப்ளிப்பர் (பொத்தானை அழுத்தினால் பந்தை அடிக்கும் துடுப்பு) வந்தது வரை எல்லாம் இங்கேதான். வேடிக்கை என்னவென்றால், உலகத்துக்கே பின்பால் செய்து அனுப்பிய சிகாகோ நகர எல்லைக்குள் எழுபதுகளின் நடுப்பகுதி வரை அதை ஆடத் தடை. சூதாட்டம் என்று பெயர். நியூயார்க்கில் 1942இல் மேயர் லகார்டியா சம்மட்டியால் மெஷின்களை உடைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தத் தடை நீங்கியது 1976இல். ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் நகரசபைக் குழுவின் முன்னால் நின்று, பந்து எந்தச் சந்தில் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பந்தை ஏவும் கம்பியான பிளஞ்சரை இழுத்துவிட்டார். பந்து சொன்ன சந்துக்குள்ளேயே போனது. என் மெஷின் அதே வருடத்துக்காரி.

கதை போதும். ஏற்றி வந்ததைச் சொல்கிறேன்.

நான்கு பேர் ஆடும் எலக்ட்ரோமெக்கானிக்கல் மெஷின், அதாவது சில்லு எதுவும் இல்லாமல் மோட்டாராலும் ரிலேக்களாலும் (மின்காந்தத்தால் திறந்து மூடும் சுவிட்சுகள்) ஓடும் மெஷின், ஏறக்குறைய 120 கிலோ இருக்கும். ஸ்கோர் காட்டும் தலைப்பெட்டியைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் ஜோன்ஸ் பிளக்குகளை உருவ வேண்டும். பட்டையான கால்களும் குழிகளும் கொண்ட பெரிய பழுப்பு பிளக்குகள். வயரைப் பிடித்து இழுத்தால் கதை முடிந்தது. பிளக்கின் உடம்பைப் பிடித்து, இரண்டு பக்கமும் லேசாக ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். முதல் மெஷினில் இதைத் தெரியாமல் இழுத்து, பதினோரு வயரை மறுபடி பற்றவைத்த அனுபவம் எனக்கு இருக்கிறது. இந்த முறை ஒவ்வொன்றையும் படம் எடுத்து, டேப் ஒட்டி, எண் எழுதிய பிறகே உருவினேன். நண்பர்கள் இரண்டு பேர், ஒரு கைவண்டி, நிலவறைப் படி பன்னிரண்டு. மேலே வந்து சேர்ந்ததும் ஒரு நண்பர் சொன்னார்: "அடுத்த தடவை கேரம் போர்டு வாங்குங்க அண்ணே."

வீட்டில் கராஜில் இறக்கினோம். மனைவி வந்து பார்த்தாள். "இதுவாவது ஓடுமா?" என்று மட்டும் கேட்டாள். முன்னால் வந்த இரண்டில் ஒன்று இன்னும் ஓடவில்லை. அதைப் பற்றி வேறு சமயம்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

பழைய மெஷினை வாங்கியவுடன் பிளக்கைச் சொருகிப் பார்க்கும் ஆசை வரும். சொருகாதீர்கள். என் மெஷினின் பிளக்கில் எர்த் முனையை யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள். பழைய வீடுகளின் சுவரில் இரண்டு துளை பாயிண்ட்தான் இருக்கும். அதில் நுழையவில்லை என்று கட்டிங் பிளேயரால் ஒரே வெட்டு. காசுப்பெட்டிக் கதவு, பக்கவாட்டுக் கம்பிகள், கால் என்று கை படும் இடமெல்லாம் உலோகம். உள்ளே 120 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். முதல் வேலையாக மூன்று முனை மின்வயர் போட்டு, எர்த்தைக் கதவுக்கும் பக்கக் கம்பிகளுக்கும் இழுத்தேன். மல்டிமீட்டரால் சரிபார்த்தேன்.

பியூஸ்களை எல்லாம் கழற்றி, வரைபடத்தில் போட்டிருக்கும் அளவுக்கே புதிதாகப் போட்டேன். வெள்ளித்தாள் பியூஸ் விளக்குகளுக்கான 6 வோல்ட் பாதையில் இருந்தது. அங்கே சரியான பியூஸ் போட்டு ஓமில் அளந்தால், எங்கோ விட்டு விட்டு ஷார்ட் ஆவது தெரிந்தது. பலகையைத் தூக்கி நிமிர்த்தி விளக்கு விளக்காகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு பல்பு ஹோல்டரின் கால் வளைந்து, பக்கத்தில் ஓடும் பித்தளைப் பட்டையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. விரலால் நிமிர்த்தினேன். அவ்வளவுதான். முப்பது நாற்பது வருடம் வெள்ளித்தாள் போட்டு ஓட்டியது இதற்காக.

அன்று ராத்திரி மதுரையில் இருக்கும் சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். தொலைபேசி இணைப்பகத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கேமராவை அடிப்பெட்டிக்குள் திருப்பிக் காட்டினேன்.

"டேய், போர்டு எங்கடா இருக்கு?"

"போர்டே கிடையாது சித்தப்பா. எல்லாம் ரிலேதான். கீழ ஒரு மோட்டார், அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இது எங்க பழைய எக்சேஞ்சுடா. ஸ்ட்ரோஜர் எக்சேஞ்சு. அதைப் பொட்டிக்குள்ள வச்சு காலு மாட்டியிருக்கான்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. இந்த மெஷினில் நினைவகம் என்று எதுவும் தனியாகக் கிடையாது. ஸ்கோர் எவ்வளவு என்பது ஒரு சக்கரம் எந்த எண்ணில் நிற்கிறது என்பதுதான். எத்தனையாவது பந்து என்பது ஒரு வட்டத்தகட்டின் மேல் தேய்ப்புக்கை எந்தக் குமிழில் நிற்கிறது என்பதுதான். மின்சாரத்தை நிறுத்தினாலும் அது அங்கேயேதான் நிற்கும். டயல் சுற்றினால் தட்டுத்தட்டாக ஏறும் இணைப்பக சுவிட்சும் இதே சாதிதான்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க," என்றார். "ரிலே பாயிண்டுல அரத்தைப் போட்டுறாத. அது வெள்ளி. தேஞ்சுச்சுன்னா போச்சு. விசிட்டிங் கார்டை ஸ்பிரிட்டுல நனைச்சு, பாயிண்டுக்கு நடுவுல வச்சு, மூடிப் பிடிச்சு இழு. கறுப்பா வரும். வெள்ளையா வர்ற வரைக்கும் இழு."

நான் அதற்கு முந்தின நாளே ஐந்தாறு ரிலேயில் அரம் போட்டிருந்தேன். சொல்லவில்லை.

நிற்காத மோட்டார்

சுவிட்சைப் போட்டேன். விளக்குகள் எரிந்தன. தொடக்கப் பொத்தானை அழுத்தினேன். கீழே ஸ்கோர் மோட்டார் சுற்றத் தொடங்கியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. தலைப்பெட்டியில் சக்கரங்கள் கடகடவென்று உருண்டு பூஜ்யத்துக்கு வந்து நின்ற பிறகும் மோட்டார் நிற்கவில்லை. பந்து வெளியே வரவில்லை. விற்றவர் சொன்ன "ஆட்டம் தொடங்காது" இதுதான்.

காட்லீப் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது ஜலதோஷம் மாதிரி. ஏன் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்கோர் மோட்டார் என்பது பெயருக்குத்தான் மோட்டார். அதன் அச்சில் பல் வெட்டிய தகடுகள் இருக்கின்றன. அவை சுற்றும்போது சுற்றி அடுக்கியிருக்கும் பட்டை சுவிட்சுகளைத் தூக்கி இறக்கும். ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்குதான் ஒரு வேலை. அதற்குள் ஐந்து தட்டுகள் கொடுக்கும். ஐம்பது புள்ளி கிடைத்தால் பத்துப்புள்ளி ரிலேயை ஐந்து முறை தட்டுவது இதுதான். மெஷினில் எந்த வேலை வரிசையாக நடக்க வேண்டுமென்றாலும் இந்த மோட்டாரே தாளம் போடும்.

புது ஆட்டம் தொடங்கும்போது பழைய ஸ்கோரை அழிக்க வேண்டும். ரீசெட் ரிலே பிடித்துக்கொள்ளும். மோட்டார் தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சக்கரமும் பூஜ்யத்துக்கு வந்ததும் அதிலிருக்கும் பூஜ்ய சுவிட்ச் திறந்துகொண்டு "நான் வந்தாச்சு" என்று விலகும். எல்லாச் சக்கரமும் விலகினால்தான் ரீசெட் ரிலே விடும், மோட்டார் நிற்கும். நான்கு ஆட்டக்காரர், ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசைச் சக்கரம். அத்தனை பேரில் ஒரே ஒருவர் "இன்னும் வரல" என்றால் போதும், மோட்டார் விடிய விடியச் சுற்றும்.

இது தெரிந்த பிறகும் நான் என்ன செய்தேன் என்றால், தலைப்பெட்டியைத் திறந்து கண்ணுக்குச் சரியில்லை என்று பட்ட ஒவ்வொரு சுவிட்சையும் வளைத்தேன். பட்டையை வளைக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது, முனையில் வெட்டுப் போட்ட கம்பி. அது கையில் இருந்தால் சும்மா இருக்க முடியாது. இது அகலமாக இருக்கிறதே, அது நெருக்கமாக இருக்கிறதே என்று இரண்டு சனி ஞாயிறு வளைத்தேன். மோட்டார் நிற்கவில்லை.

மூன்றாவது வாரம்தான் முறையாகச் செய்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கமாக நின்று, ஒவ்வொரு சக்கரத்தின் பூஜ்ய சுவிட்சிலும் சின்ன அட்டைத் துண்டை நுழைத்து, பிரித்துப் பிடித்துப் பார்த்தேன். முதல் ஆட்டக்காரர் வரிசை, ஒன்றும் இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது ஆட்டக்காரரின் ஆயிரம் சக்கரத்தில் அட்டையை நுழைத்த கணம் மோட்டார் நின்றது. கராஜ் முழுக்க திடீரென்று அமைதி. பிறகு 'தொப்' என்று பந்து உதைபட்டு பிளஞ்சர் பாதையில் வந்து உருண்டது. அந்தச் சத்தத்தை இன்னும் மறக்கவில்லை.

டார்ச்சால் பார்த்தேன். அந்த ஒரு சுவிட்சின் கீழ்ப்பட்டையில் மட்டும் பழைய வளைவு ஒன்று, கருவித் தடத்தோடு. எனக்கு முன்னால் யாரோ என்னைப் போலவே வளைத்திருக்கிறார். சக்கரம் பூஜ்யத்தில் நிற்கும்போது பட்டை பள்ளத்தில் இறங்கினாலும் இடைவெளி விழாத அளவுக்கு நெருக்கிவிட்டிருக்கிறார். அதை ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று மேலாகத் திறக்க வைத்தேன். முடிந்தது.

முடியவில்லை. ஆடிப் பார்த்தால் இரண்டாவது ஆட்டக்காரருக்கு 90க்குப் பிறகு 100 வரவில்லை, மறுபடி 00. ஒன்பதில் நிற்கும்போது மட்டும் சேர்ந்து அடுத்த சக்கரத்தைத் தட்டிவிடும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதை அகலமாக்கி வைத்தது வேறு யாருமில்லை, நான்தான். இப்படி நான் "சரிசெய்த" சுவிட்சுகளில் மொத்தம் ஏழினை மறுபடி சரிசெய்தேன். மெஷின் எனக்குக் கொடுத்த பழுது ஒன்று, நான் மெஷினுக்குக் கொடுத்தது ஏழு.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். எந்த சுவிட்சைத் தொட்டாலும் முதலில் எழுத வேண்டும்: எது, ஏன், எந்தப் பக்கம். 'ஏன்' என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லையென்றால் தொடக் கூடாது. இது வந்தபின் வேலை பாதியாகக் குறைந்தது.

எண்ணெய்

பந்து எண்ணும் யூனிட் அடுத்த வில்லன். மூன்றாவது பந்துக்குப் பிறகு நகராது. ஆட்டம் முடிந்தால் பூஜ்யத்துக்குத் திரும்பாது. கழற்றிப் பார்த்தால் தேனில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. ஸ்ப்ரே எண்ணெய். எண்ணெய் காற்றில் கிடந்து, தூசியைச் சேர்த்து, பிசின் ஆகி, அதற்கு மேல் மறுபடி எண்ணெய். ஒவ்வொரு முறை அடித்தபோதும் ஒரு வாரம் ஓடியிருக்கும். "ஆகா, சரியாகிவிட்டது" என்று நினைத்திருப்பார்கள். அவர்களை நான் திட்ட முடியாது. என் முதல் மெஷினுக்கு டபிள்யூடி-40 அரை டப்பா அடித்தவன் நான். அதுதான் இன்னும் ஓடாமல் நிற்கும் அந்த ஒன்று.

இந்த வகை மெஷினில் அசையும் பாகம் எல்லாவற்றுக்கும் எண்ணெய் வேண்டும் என்று நம் தையல் மெஷின் புத்தி சொல்லும். வேண்டியதில்லை. காயிலுக்குள் போய்வரும் இரும்புத் தண்டு, நைலான் உறைக்குள் உலர்ந்த நிலையிலேயே ஓட வேண்டும். தகட்டின் மேல் தேயும் கைக்கு விரல் நுனியில் ஒட்டியும் ஒட்டாததுமாக ஒரு பூச்சு போதும். மோட்டாரின் கியருக்குக் கொஞ்சம் கிரீஸ். மற்ற இடமெல்லாம் சுத்தமும் உலர்வும்தான்.

யூனிட்டை முழுக்கப் பிரித்து ஆல்கஹாலில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன். செம்புக் குமிழ்களை மென்மையான தேய்ப்பான் கொண்டு பளபளப்பாக்கினேன். ஒரே தப்பு: திரும்பி வரச் செய்யும் சுருள்வில்லை எத்தனை சுற்று சுற்றியிருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். சர்ரென்று அவிழ்ந்தது. இரண்டு சுற்று வைத்தால் பூஜ்யத்துக்கு வரத் தெம்பில்லை. நான்கு வைத்தால் முன்னால் தள்ளும் காயிலுக்குத் தெம்பு போதவில்லை. மூன்றில் நின்றது. நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

ஃப்ளிப்பர்

வலது ஃப்ளிப்பர் சோர்ந்து கிடந்தது. பந்தை மேல்பாதிக்குக்கூடத் தள்ளவில்லை. உதிரி பாகக்காரர்கள் உடனே "காயில் மாத்துங்க" என்பார்கள். காயில் என்பது செம்புக் கம்பிச் சுற்று. எரிந்து போகும், அல்லது நன்றாக இருக்கும். கிழடாகிச் சோர்ந்து போவது கிடையாது.

ஃப்ளிப்பர் காயிலில் இரண்டு சுற்றுகள் உண்டு. தடித்த கம்பியில் ஒன்று, வேகமாக அடிப்பதற்கு. மெல்லிய கம்பியில் நீளமாக இன்னொன்று, பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும்போது சூடாகாமல் தாங்கிப் பிடிப்பதற்கு. ஃப்ளிப்பர் மேலே போய்ச் சேரும் நொடியில் ஒரு சுவிட்ச் திறந்து, அடிக்கும் சுற்றிலிருந்து தாங்கும் சுற்றுக்கு மாற்றும். அந்த சுவிட்ச் அழுக்கானால் அடியே தாங்கும் சுற்றில்தான் விழும். சோறு தின்னாதவன் அடித்த மாதிரி இருக்கும். திறக்காமலே போனால் எதிர்ப்பக்கம்: காயில் புகைந்துவிடும்.

இங்கே சுவிட்ச் முனை கரிந்து குழி விழுந்திருந்தது. இது டங்ஸ்டன் முனை. சித்தப்பாவின் சட்டம் இதற்குப் பொருந்தாது. விசிட்டிங் கார்டு இழுத்தால் ஒன்றும் ஆகாது, சின்ன அரம் வேண்டும். அரம் போட்டேன், அனுமதியோடு. பிறகு தண்டை உருவிப் பார்த்தால், ஐம்பது வருடம் அடிவாங்கிய முனை காளான் குடை மாதிரி விரிந்திருந்தது. உளியின் பின்பக்கம் விரியுமே, அப்படி. அதைத் தேய்த்து, நைலான் உறை புதிது போட்டேன். இடதிலும் அதையே செய்தேன். மொத்தச் செலவு இருபது டாலருக்குள்.

சீட்டுகள்

ஒன்பது சீட்டில் இரண்டு விழவில்லை, ஒன்று தானாக விழுந்தது. டிராப் டார்கெட்டின் பின்புறம் ஒரு சின்ன விளிம்பு இருக்கும். அது ஒரு தட்டின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். பந்து அடித்தால் பின்னுக்குச் சாய்ந்து, விளிம்பு நழுவி, ஸ்பிரிங் கீழே இழுக்கும். விளிம்பு தேய்ந்தால் பக்கத்துச் சீட்டு விழும் அதிர்விலேயே இதுவும் விழும். தானாக விழுந்த சீட்டின் கதை அது. புதுசு வாங்கிப் போட்டேன்.

விழாத இரண்டுக்கும் காரணம் பசை. எப்போதோ உடைந்த சீட்டுகளை யாரோ கெட்டிப் பசை வைத்து ஒட்டி, வழிந்ததைத் துடைக்காமல் மாட்டியிருக்கிறார். பசைக்கட்டி பின் சுவரில் இடித்துக்கொண்டு சாய விடவில்லை. ஆனால் ஒட்டு என்னவோ அபார ஒட்டு. சுத்தியலால் அடித்தாலும் பிரியாது போலிருந்தது. வழிந்ததை மட்டும் பிளேடால் சீவினேன். இரண்டும் விழத் தொடங்கின. அவற்றை மாற்றவில்லை. முழு மெஷினிலும் என் முன்னோர் செய்த ஒரே நல்ல ரிப்பேர் அதுதான்.

பலகையும் கண்ணாடியும்

பலகையில் ரப்பர்த் தூளும் உலோகத் தூளும் கலந்த கறுப்பு மை படிந்திருந்தது. ரப்பர் வளையங்கள் விரல் பட்டதும் முறுக்கு மாதிரி நொறுங்கின. எல்லாவற்றையும் கழற்றி, நாப்தாவால் பழைய மெழுகை எடுத்து, பிறகு நோவஸ் பாலிஷ். மெலமின் ஸ்பாஞ்சும் ஆல்கஹாலும் வைத்துத் தேய்த்தால் இன்னும் வெண்மை வரும் என்பார்கள். வரும்தான். கூடவே மேலே இருக்கும் லாக்கரின் ஒரு பொருக்கும் வரும். இரண்டே இடத்தில், அழுக்கு மரத்துக்குள் இறங்கியிருந்த இடத்தில் மட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். பந்தைத் தட்டிவிடும் பம்பரைச் சுற்றி வண்ணம் போய் மரம் தெரிந்த வளையத்தில் அக்ரிலிக் கலந்து பூசினேன். எட்டி நின்றால் தெரியாது, குனிந்து பார்த்தால் தெரியும். குனிந்து பார்க்கிறவர்கள் என் வீட்டுக்கு வருவதில்லை. கடைசியாக கார்னௌபா மெழுகு இரண்டு பூச்சு.

தலைப்பெட்டியின் முகப்பில் இருக்கும் பின்கண்ணாடியில்தான் மனம் உடைந்தது. அதன் ஓவியம் கண்ணாடியின் பின்பக்கம் திரைஅச்சாக ஏற்றியது. வண்ணத்துக்கும் காற்றுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. வெப்பத்திலும் ஈரத்திலும் அது செதில் செதிலாகப் பெயரத் துடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பின்பக்கத்தை யாரோ ஜன்னல் துடைக்கிற மாதிரி துடைத்திருக்கிறார்கள். கீழ் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓவியமே இல்லை, விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கிறது. துணியின் வளைவு வளைவான தடம்கூடத் தெரிகிறது. அக்கறையோடு துடைத்த தடம். மிச்சத்தைத் தெளிவான ஸ்ப்ரே பூச்சால் பின்பக்கம் உறையவைத்தேன். போன இடத்துக்குப் பின்னால் நிறத்தாள் ஒட்டினேன். புதிதாக அச்சிட்ட கண்ணாடி கிடைக்கும். விலை மெஷின் விலையை நெருங்கும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

விளக்குகளுக்கு 47ஆம் எண் பல்பே போட்டேன். முன்பு இருந்த 44 கால் ஆம்பியர் இழுக்கும், இது 0.15தான், சூடு குறைவு, கண்ணாடி ஓவியத்துக்கு நல்லது. எல்இடி இன்னும் குளிர்ச்சி, ஆனால் ஏசியில் மினுக்குகிறது, எனக்குத் தலை வலிக்கிறது.

ரசமட்டம்

கால் மாட்டி நிறுத்தியதும் சரிவு பார்க்க வேண்டும். இந்தக் காலத்து மெஷின்கள் ஆறரை டிகிரி சரிவில் நிற்கும். அந்தக் காலத்தவை மூன்றரை. பந்து 80 கிராம்தான். சரிவைக் கூட்டினால் பழைய காயிலால் தள்ள முடியாது. பக்கவாட்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். கராஜ் தரை ஒரு மூலையில் இறங்குகிறது. அங்கே காலைத் திருகி உயர்த்தினேன்.

'டில்ட்' வேலை செய்யவில்லை. பார்த்தால் தூக்குக்குண்டையே காணோம். கொத்தனார் சுவருக்குத் தொங்கவிடும் குண்டேதான் இதுவும். ஒரு வளையத்துக்கு நடுவில் தொங்கும், மெஷினை அதட்டி உலுக்கினால் வளையத்தில் இடித்து அந்தப் பந்தின் ஆட்டத்தை முடித்துவிடும். வீட்டுக்கு வந்த மெஷின்களில் இதைத்தான் முதலில் கழற்றி எறிவார்கள், பிள்ளைகள் அழக்கூடாது என்று. புதுக்குண்டு தொங்கவிட்டேன். உலுக்க முடியாத பின்பாலும், எவ்வளவு வேண்டுமானாலும் உலுக்கக்கூடிய பின்பாலும் ஒன்றுதான், இரண்டிலும் சுவையில்லை.

நவம்பரில் தொடங்கியது, மார்ச் நடுவில் முதல் முழு ஆட்டம். மனைவியும் நானும் ஆளுக்கு ஐந்து பந்து. மணிகள் மூன்று, பத்துக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று. சீட்டுகள் விழ விழ மோட்டார் ஐந்து தட்டு தட்டி ஐந்து முறை மணி அடிக்கும். சித்தப்பா வீடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார். "ராத்திரி ட்யூட்டி ஞாபகம் வருதுடா," என்றார். மனைவி 47,000 எடுத்தாள். என் ஸ்கோர் இங்கே தேவையில்லை.

ஒரே ஒரு பழுது பாக்கி. ஆட்டம் முடிந்ததும் கண்ணாடியில் 00 முதல் 90 வரை ஒரு எண் எரியும். நம் ஸ்கோரின் கடைசி இரண்டு இலக்கத்தோடு பொருந்தினால் ஓர் ஆட்டம் இனாம். அதில் 40 மட்டும் எரிவதில்லை. பல்பு நன்றாக இருக்கிறது, ஹோல்டர் நன்றாக இருக்கிறது. அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும் யூனிட்டின் தகட்டுக்குப் பின்னால் ஒரு வயர் விட்டிருக்கிறது. எடுக்க வேண்டுமென்றால் தேய்ப்புக்கை, தகடு, சுருள்வில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். யூனிட் இப்போது சுத்தமாக ஓடுகிறது. நோட்டை எடுத்தேன். 'எது' எழுதினேன். 'ஏன்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, அதுல கை வைக்காதீங்க," என்றாள் பின்னாலிருந்து.

போன ஞாயிறு அவள் ஸ்கோர் 31,540இல் முடிந்தது. கண்ணாடியில் எந்த எண்ணும் எரியவில்லை. ஒரு நொடி கழித்துப் பெட்டிக்குள்ளிருந்து 'டக்'கென்று மரத்தில் அடி விழுந்தது, இனாம் ஆட்டம். அவள் அடுத்த பந்தை இழுத்துவிட்டாள்.